எத்தனை பெரிய இன்வெர்ட்டர் வேணும்?

மாடியில் சோலார் பேனல் போட்டு வீட்டுக்குக் கரண்ட் எடுக்கலாம் என்று கடைக்குப் போனால் முதலில் என்ன கேட்கிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? "வீட்டுல எத்தனை ரூம்?" என்று கேட்கிறார்கள். இரண்டு ரூம் என்றால் ஒரு பெட்டி. மூன்று ரூம் என்றால் அதைவிடப் பெரிய பெட்டி. ரூமா கரண்ட் குடிக்கிறது? உள்ளே ஓடுகிற ஃபேனும் எரிகிற விளக்கும் அல்லவா குடிக்கின்றன! மூன்று ரூம் வீட்டில் இரண்டே பேர் இருக்கலாம். ஒரே ரூமில் ஏழு பேர் படுத்திருக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி வேறே: உங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் எது எது ஓடும்?

இதற்குப் பதில் கடைக்காரருக்குத் தெரியாது. எலக்ட்ரீஷியனுக்கும் தெரியாது. வீட்டு ஆண்களைக் கேட்டுப் பாருங்கள், "எல்லாந்தான் ஓடும்" என்பார்கள். காலையில் ஆறரைக்கு மிக்ஸி போடும்போது எத்தனை ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும், ராத்திரி பத்தரைக்கு எந்த விளக்கு இன்னும் அணையவில்லை என்பதெல்லாம் நமக்குத்தான் அத்துப்படி. ஆகவே சகோதரிகளே, இது ஏதோ ஆண்கள் சமாசாரம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். அரிசிக்கு உலை வைக்கிற கணக்கைவிட இது ஒன்றும் பெரிய கணக்கு இல்லை.

எங்கள் சுரண்டைப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், எந்தத் திசையில் பார்த்தாலும் காற்றாலை நிற்கும். செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்குகிற காற்று வைகாசியில் ஆரம்பித்துப் புரட்டாசி வரை அவற்றைச் சுழற்றி எடுக்கும். ஆனால் 2012-ஆம் வருஷம் ஐப்பசி வாக்கில் காற்று ஓய்ந்தபோது நாங்கள் பட்ட பாட்டைக் கேட்காதீர்கள். ஒரு நாளில் 14 மணி நேரம், 16 மணி நேரம் என்று கரண்ட் போனது. மொட்டை மாடியில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, அசையாமல் நிற்கிற காற்றாடிகளைப் பார்த்துக்கொண்டே கொசு அடிப்போம். அதற்கு முந்தின வருஷம், 2011 செப்டம்பரில்தான், விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். மூன்றும் வீட்டுக்கு வந்தன, ஓட்டத்தான் கரண்ட் இல்லை! தெருவுக்கு நாலு வீட்டில் இன்வெர்ட்டர் ஏறியது அந்தச் சமயத்தில்தான். அவசரத்தில் வாங்கியதால் பக்கத்து வீட்டில் என்ன அளவோ அதே அளவு என்று எல்லாரும் வாங்கிப் போட்டார்கள்.

அளந்து செய்த காரியமும் அதே சமயத்தில் ஒன்று நடந்தது. 2011-இல் அறிவித்த பசுமை வீடு திட்டம் ஞாபகம் இருக்கிறதா? 300 சதுர அடியில் வீடு, அதில் சூரிய ஒளியில் எரிய ஐந்து விளக்கு. படுக்கிற அறைக்கு ஒன்று, முன்னறைக்கு ஒன்று, அடுப்படிக்கு, கழிப்பறைக்கு, வராந்தாவுக்கு ஒவ்வொன்று. ஒரு விளக்குக்கு 11 வாட் என்றால் ஐந்துக்கும் சேர்த்து 55 வாட். அத்தனையும் ஒரே நேரத்தில் எரிந்தாலும் 55-க்கு மேல் போகாது. இது கொஞ்சமா அதிகமா என்பது வேறு பேச்சு. முதலில் என்ன ஓடும் என்று எழுதிவிட்டு அப்புறம் சாமான் வாங்கினார்களே, அந்த முறையைத்தான் நாமும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் சோலார் பேச்சு எழுந்ததே அத்தையால்தான். மாமியாரைத்தான் சொல்கிறேன், எங்கள் பக்கம் அத்தை என்றுதான் கூப்பிடுவோம். அத்தைக்கு 72 வயசு. இருபது வருஷமாக இளைப்பு. குற்றாலத்தில் சீசன் என்றால் உங்களுக்கெல்லாம் அருவியும் குளிர்ச்சியும் நினைவுக்கு வரும். எங்கள் வீட்டில் சீசன் என்றால், அத்தைக்கு நெஞ்சில் பூனை கத்த ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஆனி, ஆடியில் ஈரக் காற்றும் சாரலும் சேர்ந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவார். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை நெபுலைசர் மிஷினில் ஊற்றி, முகத்தில் மாஸ்க்கை மாட்டி, பத்துப் பதினைந்து நிமிஷம் பிடித்தால் மூச்சு அடங்கும்.

அதே காற்றில்தான் எங்கேயாவது மரக்கிளை முறிந்து லைனில் விழும். சொல்லி வைத்தாற்போல் இரண்டும் ஒரே ராத்திரி! 2023 ஆடியில் ஒரு நாள் மாஸ்க் மாட்டின இரண்டாவது நிமிஷம் கரண்ட் போய்விட்டது. அவர் பைக்கை எடுக்க, நடுவில் அத்தை, பின்னால் நான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருகிறவரை என் நெஞ்சில் சாய்ந்திருந்த அத்தையின் மூச்சு விசில் மாதிரி கேட்டுக்கொண்டே வந்தது. அங்கே மருந்து பிடித்து, விடிந்த பிறகு வீட்டுக்கு வந்தோம். அன்றைக்கே அவரிடம் சொல்லிவிட்டேன், "சீட்டு 50,000 ரூபாய் வருதுல்ல, அதுல நகை ஒண்ணும் வேண்டாம். ராத்திரி கரண்ட் போனாலும் அத்தை மிஷின் நிக்கக் கூடாது. அதுக்கு வழி பண்ணுங்க."

(இளைப்பு உள்ளவர்கள் வீட்டுக்கு ஒரு வார்த்தை. கரண்ட் வேண்டாத வழியும் உண்டு. பம்ப்பில் ஸ்பேசர் என்கிற குடுவையை மாட்டி மருந்தை இழுப்பது. எங்கள் டாக்டர் சொல்லி அதையும் ஒரு செட் வாங்கி வைத்திருக்கிறோம். எந்த மருந்து, எத்தனை தடவை என்று டாக்டரிடம் முன்னாலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு அடங்கவில்லை என்றால் மிஷின் ஓடுகிறதே என்று வீட்டில் உட்கார்ந்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும்.)

கடையில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "யக்கா, ரெண்டாயிரம் வி.ஏ. போட்டுருங்க. பின்னால எதைச் சேத்தாலும் தாங்கும். பெரிசா இருந்தா நல்லதுதானே?"

"அதுக்கு எத்தனை பாட்டரி அண்ணாச்சி?"

"ரெண்டு வேணும்லா!"

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. சிறிய இன்வெர்ட்டர்கள் 12 வோல்ட்டில் ஒரே பாட்டரியில் ஓடுபவை. ஓர் அளவைத் தாண்டினால் 24 வோல்ட், அதாவது இரண்டு பாட்டரி கட்டாயம். பெட்டியின் விலை வித்தியாசம் சில ஆயிரந்தான், ஆனால் அது தன்னோடு இன்னொரு பாட்டரியைக் கூட்டி வருகிறது. ஐந்தாறு வருஷம் கழித்துப் பாட்டரி மாற்றும்போதும் இரண்டாகத்தான் மாற்ற வேண்டும். அதோடு போச்சா? இன்வெர்ட்டர் சும்மா விழித்துக்கொண்டிருக்கவே கொஞ்சம் கரண்ட் தின்னும். சிறியது 15 வாட் தின்னும் என்றால் பெரியது 30, 40 என்று தின்னும். 30 வாட் என்றே வைத்தாலும் 24 மணி நேரத்தில் 720. முக்கால் யூனிட் போல, ஒரு விளக்குக்கூடப் போடாமலே! பேனல் வெயிலில் காய்ந்து சேர்த்துக் கொடுப்பதைப் பெட்டியே சாப்பிட்டுவிடுகிறது. நாலு பேர் இருக்கிற வீட்டில் கல்யாண அண்டாவில் சோறு வைக்கிற கதைதான்.

இனிக் கணக்குக்கு வருகிறேன். மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, கீழே குழாய் இருக்கிறது, தொட்டியை நிரப்ப மோட்டார் இருக்கிறது. குழாயின் அகலந்தான் இன்வெர்ட்டர். ஒரே நேரத்தில் எத்தனை வேகமாகத் தண்ணீர் வரலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கும். தொட்டிதான் பாட்டரி. எத்தனை நேரம் வரும் என்பது அதைப் பொறுத்தது. நிரப்புகிற மோட்டார்தான் பேனல். குழாயை அகலப்படுத்தினால் தொட்டி பெரிசாகிவிடாது, இல்லையா? ஆனால் நிறையப் பேர் "ரொம்ப நேரம் வரணும்" என்று சொல்லிக்கொண்டே பெரிய இன்வெர்ட்டரை வாங்குகிறார்கள்!

தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் நான் இரண்டு நாள் எழுதினேன். ஒவ்வொரு சாமானின் முதுகிலும் வாட் எத்தனை என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும், பையனைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கச் சொன்னேன். பழைய ஃபேன் ஒன்று 75 வாட், இரண்டுக்கு 150. எல்.ஈ.டி. பல்பு 9 வாட், நாலு எரிந்தால் 36. பையனின் நெட் பெட்டிக்கு 10. போன் சார்ஜர்கள் 20. அத்தையின் மிஷின் 120. ஃப்ரிட்ஜ் எங்களுடையது சின்னது, ஒற்றைக் கதவு, ஓடும்போது 100 சுமார். எல்லாம் கூட்டினால் 436. சரி, 450 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு கால் பங்கு சேர்த்தால் 560. இந்தக் கால் பங்கு எதற்கு என்றால், பெட்டியை எப்போதும் முழு மூச்சில் ஓட்டக் கூடாது. தவிர, ஃப்ரிட்ஜ் மாதிரி மோட்டார் உள்ள சாமான்கள் கிளம்புகிற நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு இழுக்கும். செக்குமாடு முதல் சுற்றுக்குத்தான் முக்கும், அப்புறம் தானாக நடக்கும். நல்ல இன்வெர்ட்டர்கள் அந்த ஒரு நொடியைத் தாங்கும், ஆனால் கொஞ்சம் இடம் விட்டு வைத்தால்தான்.

இப்போது கடைக்காரர்கள் சொல்கிற வி.ஏ. விவகாரம். 900 வி.ஏ. என்றால் 900 வாட் ஓட்டலாம் என்று நினைத்துவிடாதீர்கள். பொதுவாக அதை 0.8-ஆல் பெருக்க வேண்டும், 720 வாட்தான் வரும். சில பெட்டிகளில் அதைவிடவும் குறைவு. நெல்லுக்கும் அரிசிக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி என்று வையுங்களேன், மூட்டை கணக்கில் நெல்லைச் சொல்கிறார்கள், நமக்கு வேண்டியது அரிசி. "வாட் எத்தனை அண்ணாச்சி?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். எனக்கு வேண்டியது 560 வாட். 900 வி.ஏ. பெட்டியே தாராளம், ஒரே பாட்டரி. அதில் வாங்கும்போது சைன் வேவ் என்று போட்டதா என்று பாருங்கள். விலை குறைந்த ஸ்கொயர் வேவ் பெட்டியில் ஃபேன் ராத்திரி முழுக்க வண்டு மாதிரி ரீங்காரம் போடும், மோட்டார் சாமான்கள் சூடேறும். ஆஸ்பத்திரிச் சாமான் ஓட்டுகிற வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

மிக்ஸி எங்கே என்று கேட்கிறீர்களா? அதுதான் எங்கள் வீட்டில் பெரிய விவாதம். மிக்ஸி 500 வாட், 750 வாட் என்று வருகிறது. அதைச் சேர்த்தால் மறுபடியும் பெரிய பெட்டி, இரண்டு பாட்டரி. மூன்று நிமிஷச் சட்னிக்காகவா? "அம்மி எங்கயும் போயிரலியே, நான் அரைச்சுத் தாரேன்" என்றார் அத்தை. இளைப்புக்காரரை அம்மியில் உட்கார வைத்தால் ஊர் என்ன பேசும்! கரண்ட் இல்லாத காலையில் இட்லிப் பொடி என்று முடிவாயிற்று. இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் கொதிக்க வைக்கிற ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, இவையெல்லாம் 750-லிருந்து 2,000 வாட்டுக்கு மேல் போகிறவை. சின்ன சோலாருக்கும் இவற்றுக்கும் ஒட்டு உறவே கூடாது. தண்ணீர் மோட்டாரும் அப்படித்தான். அரை எச்.பி. மோட்டார் ஓடும்போதே 500 வாட் சுமாருக்கு இழுக்கும். கிளம்பும்போது சொல்லவே வேண்டாம். மாதாந்தரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிற தேதியை முன்னாலேயே அறிவிக்கிறார்களே, அன்றைக்கு எட்டரை மணிக்குள் தொட்டியை நிரப்பிவிடுகிறேன்.

கிரைண்டர் மட்டும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மேஜைமேல் வைக்கிற இரண்டு லிட்டர் கிரைண்டருக்கு 150 வாட்தான். மிக்ஸி கூச்சல் போடுகிறதே தவிர, இது சாதுவாக ஓடுகிறது. இப்போது மாவாட்டுகிற நேரத்தை ராத்திரியிலிருந்து காலை பதினொரு மணிக்கு மாற்றிக்கொண்டேன். நல்ல வெயில் நேரம். பாட்டரியைத் தொடாமல் வெயிலே ஆட்டித் தருகிறது. சோலார் வைத்த வீட்டில் வேலை நேரத்தைப் பகலுக்கு நகர்த்தினால் பாதிப் பலன் அதிலேயே வந்துவிடுகிறது.

ஒயரிங் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருந்தேன். எலக்ட்ரீஷியன் தம்பி, "மெயின்லயே குடுத்துருதேன்க்கா, வீடு பூரா ஓடும்" என்றார். வேண்டாம் என்றேன். வீடு பூரா கொடுத்தால், அத்தை மாஸ்க்கோடு உட்கார்ந்திருக்கிற நேரம் பையன் அடுத்த அறையில் சட்டைக்கு இஸ்திரி போடுவான். பெட்டி 'கீ' என்று கத்திவிட்டு நின்றுவிடும். எதற்காக வாங்கினோமோ அதுவே நின்றுபோகும். ஆகவே தனி லைன் இழுத்து, குறிப்பிட்ட இரண்டு ஃபேன், நாலு விளக்கு, அத்தை கட்டில் பக்கத்து பிளக், அடுப்படியில் கிரைண்டர் பிளக், அப்புறம் ஃப்ரிட்ஜ் ஆகியவற்றை மட்டும் அதில் சேர்த்தோம். ஃப்ரிட்ஜுக்குத் தனி சுவிட்ச். பகலில் வெயிலில் ஓடும். ராத்திரி கரண்ட் போனால் அணைத்துவிடுவேன். கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் நாலு மணி நேரம் வரை குளிர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கும், அதற்காகப் பாட்டரியைக் கரைக்க வேண்டியதில்லை.

பாட்டரிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 12 வோல்ட், 150 ஏ.எச். பாட்டரி. இரண்டையும் பெருக்கினால் 1,800. இது காகிதக் கணக்கு. ஈயப் பாட்டரியைப் பாதிக்குமேல் தினம் இறக்கினால் சீக்கிரம் படுத்துவிடும். பாதி 900. இன்வெர்ட்டர் மாற்றும்போது கொஞ்சம் போகும், கையில் நிற்பது 750 என்று வைத்துக்கொள்ளலாம். ராத்திரி இரண்டு ஃபேன், ஒரு விளக்கு, பெட்டி தின்பது எல்லாம் சேர்த்து 175 வாட் போல. நாலு மணி நேரம் ஓடும். அத்தையின் மிஷின்? 120 வாட் என்றாலும் கால் மணி நேரந்தானே! 30 போகும், அவ்வளவுதான். இந்த இடத்தைக் கவனியுங்கள். இன்வெர்ட்டர் அளவில் பெரிய இடம் பிடிக்கிற அதே மிஷின், பாட்டரிக் கணக்கில் ஒன்றுமே இல்லை. ஃபேன் அப்படியே தலைகீழ். பார்க்கச் சாது, விடிய விடிய உறிஞ்சும்.

அதனால் இன்னொரு பாட்டரிக்குக் கொடுக்க வேண்டிய பணத்தில் ஒரு பங்கை ஃபேனுக்குக் கொடுத்தேன். பி.எல்.டி.சி. என்று இப்போது வருகிற ஃபேன் முழு வேகத்தில் சுற்றினாலும் 30 வாட் சுமார்தான். ஒன்று மூவாயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைத்தது. இரண்டையும் மாற்றியதும் ராத்திரிச் செலவு 175-லிருந்து 85 ஆயிற்று. நாலு மணி நேரம் எட்டு மணி நேரமாகிவிட்டது! சோலாரே வைக்காதவர்கள்கூட இந்த ஒன்றைச் செய்யலாம், கரண்ட் பில்லிலேயே தெரியும்.

எதிர்த்த வீட்டு மதினி இதையெல்லாம் பார்த்துவிட்டு, "எனக்கும் இதே மாதிரி ஒண்ணு வாங்கித் தா தாயி" என்றார். மதினி சொளவை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி பதினொரு மணி வரை பீடி சுற்றுகிறவர். கரண்ட் போனால் அன்றைய கணக்கு முடியாது, மறுநாள் கட்டுக் குறையும், கூலி குறையும். அவருக்கு வேண்டியது என்ன? ஒரு விளக்கு, ஒரு ஃபேன். அதற்கு எதற்கு எங்கள் வீட்டுப் பெட்டி? 12 வோல்ட்டிலேயே நேராக ஓடுகிற டி.சி. விளக்கும் டி.சி. ஃபேனும் கிடைக்கின்றன. சின்ன பேனல், சின்ன பாட்டரி, நடுவில் சார்ஜ் கண்ட்ரோலர். இன்வெர்ட்டரே வேண்டாம். மதினி நம்பவில்லை. "பெட்டி இல்லாம எப்படித்தா எரியும்?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார். எரிகிறது, இப்போது என்னைவிட அவர்தான் தெருவில் எல்லாருக்கும் விளக்கம் சொல்கிறார்.

இதுவரை சொன்னதெல்லாம் பாட்டரி உள்ள ஏற்பாடு. இன்னொரு வகை இருக்கிறது, அதில் ஏமாறக் கூடாது. பாவூர்சத்திரத்தில் என் தங்கை வீட்டில் மாடி நிறையப் பேனல், 3 கிலோவாட். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சூர்ய கர் திட்டத்தில் போட்டது. அதில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம் என்று வைத்தார்கள். பகலில் விளைகிற கரண்ட் வீட்டுக்குப் போக மீதி மின்வாரிய லைனுக்குப் போகும், பில்லில் கழியும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கரண்ட் போன அன்று உச்சி வெயிலில் தங்கை போன் பண்ணுகிறாள்: "என்னக்கா இது, மாடி பூரா பேனல் கெடக்கு, வீட்டுல ஒரு ஃபேன் சுத்தலை!"

சுற்றாது. பாட்டரி இல்லாமல் லைனோடு சேர்ந்து ஓடுகிற இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் நின்றதும் தானும் நின்றுவிட வேண்டும் என்பதுதான் அமைப்பு. இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கிற லைன்மேனை நம் வீட்டுக் கரண்ட் அடித்துவிடும். அது அவள் வீட்டுப் பெட்டியின் குற்றமில்லை, ஆனால் போட்டவர்கள் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆகவே உங்களுக்கு வேண்டியது பில் குறைவதா, கரண்ட் போகும்போது வெளிச்சமா என்று முதலில் தீர்மானம் பண்ணிக்கொள்ளுங்கள். இரண்டும் வேண்டும் என்றால் ஹைபிரிட் என்று ஒன்று உண்டு, பாட்டரியும் சேர்த்து விலை ஏறும். லைனோடு சேர்க்கிற வகையில் இன்வெர்ட்டர் அளவைப் பேனலைப் பார்த்துத்தான் வைப்பார்கள், 3 கிலோவாட் பேனலுக்கு 3 கிலோவாட் பெட்டி என்று. நம் ஃபேன், மிக்ஸிக் கணக்கு அங்கே செல்லாது. தமிழ்நாட்டில் 2016-இலிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம் என்று ஆன பிறகு, கொஞ்சமாகச் செலவழிக்கிற சின்ன வீட்டுக்குப் பில்லில் மிச்சம் பிடிக்க அதிகம் இருக்காது. உங்கள் அட்டையில் யூனிட் எத்தனை என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

எங்கள் வீட்டுக்குப் பேனல் 165 வாட்டில் இரண்டு போட்டோம், 330 வாட். நல்ல வெயில் நாளில் ஒன்றேகால் யூனிட் போல வருகிறது. பாட்டரி 12 வோல்ட் என்பதால் பேனலும் 12 வோல்ட் வகை. பெரிய பேனல் ஒன்று மலிவாக வருகிறது என்று வாங்கி, சாதாரண பி.டபிள்யூ.எம். கண்ட்ரோலரில் மாட்டினால் பாதிக்குப் பாதி வீணாகும். பெரிய பேனல் போடுவதானால் எம்.பி.பி.டி. உள்ள இன்வெர்ட்டராகப் பாருங்கள். சீசன் மாதங்களில் மேகம் மூடிக்கொண்டிருக்கும், பேனல் சுகமாகத் தூங்கும். அந்த நாட்களில் பாட்டரி மின்வாரியக் கரண்டிலேயே நிறையும்படி செட்டிங் வைத்திருக்கிறோம். வெயிலை நம்பி மட்டும் இருந்தால், அத்தைக்கு மிஷின் தேவைப்படுகிற மாதத்தில்தான் பாட்டரி காலியாக இருக்கும்! சாரல் விழுகிற ஊர்க்காரர்கள் கடையிலேயே இதைக் கேட்டு வாங்குங்கள்.

2024 ஆனியில் ஒரு ராத்திரி மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. கரண்ட் போனதே அத்தைக்குத் தெரியாது. மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, "எதிர்த்த வீட்டுல ஏன் இருட்டா கெடக்கு? பீடிக்காரி இன்னைக்குச் சீக்கிரம் படுத்துட்டாளோ?" என்று கேட்டார். மதினி வீட்டுக்கு அப்போது விளக்கு வரவில்லை.

பாட்டரியைக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், சார்ஜ் ஏறும்போது வாயு வரும். தவழுகிற குழந்தை உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் பலமான ஸ்டாண்டில் வைப்பது நல்லது. உள்ளே இருப்பது அமிலம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடியில் மிதவை இறங்கியிருக்கிறதா பார்த்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர், கொதித்து ஆறிய தண்ணீர் இரண்டும் கூடாது. பேனலில் எங்கள் ஊர்க் காற்றுக்குப் புழுதி நிறைய அப்புகிறது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை வெயில் ஏறுமுன் காலையில் தண்ணீர் ஊற்றி மெல்லிய துணியால் துடைத்துவிடுகிறேன். உச்சி வெயிலில் கொதிக்கிற கண்ணாடிமேல் ஊற்றக் கூடாது.